கீமோ போட்டு வீட்டுக்கு வந்தபின்: நாள் கணக்கு வைத்துச் சமாளிப்பது எப்படி

கீமோ என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது முடி கொட்டுமா என்றுதான். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், முடியை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் சொல்வார்கள். முதலில் வாந்தி, அப்புறம் வாய்ப்புண், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிற ஜுரம். ஆனால் இந்தத் தொந்தரவுகள் இஷ்டத்துக்கு வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஏறக்குறைய அந்த நாளில் வரும், ஏறக்குறைய அந்த நாளில் போகும். அதனால் மருந்து ஏறிய தேதியை முதல் நாள் என்று வைத்து, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் 1, 2, 3 என்று 21 வரை பேனாவால் எழுதிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் மருந்துக்குத்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். வாரா வாரமோ பதினைந்து நாளைக்கு ஒருமுறையோ போடுவதாக இருந்தால் எந்த நாள் ஜாக்கிரதை என்று டாக்டரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. தண்டையார்பேட்டையில் என் அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரருடைய அம்மாவுக்கு, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ போட்ட காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்தவள். வார்டில் பழகிய காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் குடும்பங்களோடு இன்றைக்கும் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். மாத்திரை அளவெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். நான் சொல்வது வீட்டு வேலை.

ஏன் இப்படியெல்லாம் வருகிறது என்பதை மட்டும் ஒரு தடவை புரிந்துகொள்ளுங்கள். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கிறது. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும், சரி. உடம்பில் வேறு சில இடங்களிலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜை, முடிக்கால், வாயின் உள்தோல், குடலின் உள்தோல். அதனால்தான் ரத்த அணு குறைகிறது, முடி கொட்டுகிறது, வாய் வெந்துபோகிறது, வயிறு கலங்குகிறது. அந்தச் செல்கள் திரும்ப வளர்ந்துவிடும் என்பதால்தான் நடுவில் மூன்று வாரம் இடைவெளி விடுகிறார்கள்.

மருந்து ஏறும் நாள்

கிளம்பும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தில் என்னென்ன மருந்து ஏறுகிறது என்று சிஸ்டரைக் கேட்டுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பாக்ளிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் என்று. பெயர் தெரிந்தால் பாதி விஷயம் முன்கூட்டியே தெரியும். டாக்சோரூபிசின் சிவப்பு மருந்து; அது ஏறினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலற வேண்டாம். அதோடு சேர்த்துப் போடும் சைக்ளோபாஸ்பமைடு மூத்திரப் பையை அரிக்கக்கூடியது. அதனால் அன்றைக்கும் மறுநாளும் தண்ணீர் நிறையக் குடித்து, அடக்காமல் அடிக்கடி பாத்ரூம் போய்விட வேண்டும். அப்போதும் சிவப்பு ரெண்டு நாளைத் தாண்டிப் போனாலோ, போகும்போது வலித்தாலோ சொல்லிவிட வேண்டும். சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகம், காது இரண்டையும் கவனிக்க வேண்டும். காதில் வண்டு ரீங்காரம் போல் சத்தம் கேட்டால் அடுத்த தடவை மறக்காமல் சொல்லுங்கள்.

ட்ரிப்ஸ் ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தால், வீங்கினால், உடனே கூப்பிட வேண்டும். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், "சிஸ்டர் பிஸியா இருக்காங்க, பாவம்" என்று பொறுத்துக்கொள்வது. இங்கே பொறுக்கக் கூடாது. சில மருந்துகள் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும். தனி பாத்ரூம் இருந்தால் மூடியைப் போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் ஒரே கக்கூஸை மூன்று நாலு குடித்தனம் பயன்படுத்துகிறது, ட்ரம்மில் பிடித்து வைத்த தண்ணீர்தான். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கெட் முழுசாக, மேலே தெறிக்காமல் ஊற்றிவிடுங்கள். வாந்தித் துணியைக் கையுறை போட்டு, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பமாக இருக்கிற பெண் இந்த வேலையைத் தொட வேண்டாம். தொட்டுப் பேசுவதிலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதிலும் ஒரு தப்பும் இல்லை, புற்றுநோய் ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை. இதை எழுத வேண்டியிருப்பதே சங்கடமாக இருக்கிறது, ஆனால் தனித் தட்டு தனி டம்ளர் என்று ஒதுக்கி வைத்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் ஐந்து நாள்: வாந்தியும் வாசனையும்

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபின் போடுவது வீண். எழுதிக் கொடுத்த நேரத்துக்கு, வயிறு நன்றாக இருக்கிறபோதே போட்டுவிட வேண்டும். பல பேர் இரண்டாம் நாள் தெம்பாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளின் வாந்தி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைகூட தாமதமாக வரும். பொதுவாகக் கொடுக்கிற மாத்திரைகள் இவைதான். ஆன்டான்செட்ரான், இது தலைவலியும் மலச்சிக்கலும் கொடுக்கும். டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, இதைக் காலை டிபனுக்குப் பிறகு போட்டால் நல்லது, சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை ஏறும், அதையும் சோதிக்க வேண்டும். அப்ரெபிடன்ட், மூன்று நாள் கேப்ஸ்யூல், முதல் நாள் 125, அடுத்த இரண்டு நாள் 80. ராத்திரிக்கு ஒலான்சபைன் எழுதியிருந்தால், மருந்துக் கடைக்காரர் "இது மனநல மாத்திரையாச்சே" என்று முகத்தைப் பார்ப்பார். பயப்பட வேண்டாம், குறைந்த அளவில் வாந்திக்கு நன்றாகக் கேட்கிற மருந்து அது, தூக்கம்தான் கொஞ்சம் அதிகம் வரும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு அடுத்த எதிரி சமையல் வாசனை. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன், நடுவில் கதவு கிடையாது. இரண்டாவது தடவை மருந்து ஏறி வந்த மறுநாள் பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை, வாசனை சுவரைத் தாண்டி வந்துவிட்டது. மீனில்லாமல் ஒரு நாள் சோறு இறங்காத அத்தை, முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "அந்தச் சட்டிய அணைக்கச் சொல்லு தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் போய்ச் சொன்னேன், அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கப்புறம் அவர்களே முன்னாடி வந்து "இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தில் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள், ஐந்து நாள்தானே.

அந்த ஐந்து நாள் வீட்டில் தாளிப்பு, வறுவல் வேண்டாம். ஆறிய சாப்பாட்டுக்கு வாசனை குறைவு, அதனால் சூடாகச் சாப்பிடு என்று கட்டாயப்படுத்தாமல் ஆறிய இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று கொடுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ரஸ்க் அல்லது பொரி கொஞ்சம். மூன்று வேளை தட்டு நிறைய வைப்பதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை அளவு. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் நடுநடுவே மடக்கு மடக்காக. சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள். இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்ட டீ சிலருக்குக் கேட்கும். இன்னொன்று, அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததை இந்த நாட்களில் செய்து கொடுக்காதீர்கள். வாந்தி வரும் நாளில் சாப்பிட்ட பண்டத்தின்மேல் அப்புறம் நிரந்தரமாக வெறுப்பு வந்துவிடும். பாசத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஜென்மத்துக்கும் பிரியாணி பிடிக்காமல் போன ஆளை எனக்குத் தெரியும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். மே மாதக் கத்திரியில் ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஐஸ் விஷயம்

குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் போடுகிறவர்களுக்கு மட்டும் இது. குளிர்ச்சி ஆகாது. காசிமேடு துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் தட்டுகிற அண்ணன் ஒருவர், மருந்து ஏறிய மூன்றாம் நாள் சும்மா எட்டிப் பார்க்கப் போய் ஐஸ் பெட்டியில் கை வைத்திருக்கிறார், ஷாக் அடித்தமாதிரி விரலெல்லாம் இழுத்துக்கொண்டது. ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும்போல் இருக்கும். பெரும்பாலும் அது உணர்வுதான், வெதுவெதுப்பாகக் குடித்தால் சரியாகும், ஆனால் நிஜமாகவே மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. சில நாட்களுக்குப் பானைத் தண்ணீர்கூட வேண்டாம். ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது மெட்ரோ ஏசியிலேயே தாடை இழுக்கும், ஒரு துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரலாம்.

வாய்

ஐந்தாம் நாள் வாக்கில் நாக்கு வழவழப்பாகி எரிய ஆரம்பிக்கும். ஆரம்பிப்பதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே கொப்பளிக்கத் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, தினமும் புதிதாக. சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும், நடுவில் நினைவு வரும்போதெல்லாம். ஆல்கஹால் கலந்த கடை மவுத்வாஷ் கூடவே கூடாது, இன்னும் எரியும். குழந்தைகள் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ். கட்டிய பல் இறுக்கமாக இல்லையென்றால் கழற்றி வையுங்கள். புண் வந்துவிட்டால் காரம், புளி, எலுமிச்சை, முறுக்கு எல்லாவற்றுக்கும் லீவு. குழைந்த பருப்பு சாதம் நெய்யோடு, தேங்காய்ப் பால் விட்டு வேகவைத்த மணத்தக்காளிக் கீரை, நீர்க்கப் பாயசம், நன்றாக வெந்த முட்டையை மசித்து. நாக்கில் தயிர் படிந்தமாதிரி வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து உண்டு, காட்டுங்கள்.

புண் இல்லாமல் வாயில் இரும்பு ருசி மட்டும் இருந்தால் நேர்மாறாகச் செய்யலாம். புளி ரசம், கொஞ்சம் ஊறுகாய், எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டி. வெறும் சோற்றை வாயில் வைக்க முடியாதவர்கள்கூடத் துவையல் இருந்தால் நாலு வாய் சாப்பிடுவார்கள்.

ஏழிலிருந்து பதினாலு வரை

காலண்டரில் இந்த நாட்களைச் சுற்றிச் சிவப்பு மையால் கட்டம் போடுங்கள். வாந்தி அடங்கியிருக்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து டிவி பார்ப்பார், வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவோம். உள்ளே வெள்ளை அணு தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நேரம் இதுதான். கிருமியோடு சண்டை போட ஆளே இல்லை, அதனால் சளி, சீழ், வீக்கம் என்று எந்த அடையாளமும் தெரியாது. ஜுரம் ஒன்றுதான் சமயத்தில் ஒரே அடையாளம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது இங்கே கணக்கில் சேராது. காலையும் மாலையும் பாருங்கள், உடம்பு குளிர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் பாருங்கள். டீ குடித்தவுடன் வாயில் வைக்காமல் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள். வாய்ப்புண் இருந்தால் அக்குளில், ஆனால் அக்குளில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது. 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், தொட்டுவிட்டால் அது நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய ஜுரம். காலையில் ஓ.பி.யில் காட்டிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இந்த ஜுரத்தில் சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குள் போன ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு.

வார்டில் ஒரு சிஸ்டர் டிஸ்சார்ஜ் ஆகிற எல்லாரிடமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஜுரம் வந்தா டோலோவ போட்டுட்டுப் படுத்துடாதீங்கம்மா. மாத்திர ஜுரத்தத்தான் மறைக்கும், கிருமிய இல்ல." ஆமாம், பாராசிட்டமால் போட்டு 99-க்கு இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் பெரிய ஆபத்து. இதே காரணத்தால் ஜுரமே இல்லாமல் நடுக்கம் எடுத்தாலும், பேச்சு குழறினாலும், ஆள் சுருண்டு படுத்தாலும் அதையும் ஜுரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை கிளினிக்கில் போய் "ஒரு ஊசி" போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் யாருக்குத்தான் இல்லை. இந்த நாட்களில் அதைச் செய்யாதீர்கள். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் சேர்ந்தே குறைந்திருக்கும், இடுப்பில் போட்ட ஊசி உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், வலி ஊசியாகப் போடும் டைக்ளோபெனாக் ரத்தக் கசிவை இன்னும் கூட்டும். ஆஸ்பிரின், புரூபன் வகையறாவும் தானாக எடுக்கக் கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈறில் ரத்தம், தோலில் கொசு கடித்தமாதிரி சிவப்புப் புள்ளிகள், தார் போலக் கறுப்பாக மலம், இவையும் உடனே போக வேண்டிய விஷயம்.

எங்கே போவது? சிகிச்சை எடுக்கும் இடத்துக்கே போவதுதான் முதல் யோசனை. அது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் எண்ணூரிலிருந்து ராத்திரியில் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் மெட்ரோவில் சின்னமலை வரை போய் ஆட்டோ பிடிக்கிற கதை வேறு. அதனால் முதல் தடவை டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ராத்திரி ஜுரம் வந்தால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது, பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். சென்ட்ரல் எதிரே ஜி.எச். இருக்கிறது, இரண்டிலும் 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு. வண்டி கிடைக்காவிட்டால் 108. உள்ளே நுழைந்ததும் "ஜுரம்" என்று மட்டும் சொன்னால் ஜுரக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ போயிட்டிருக்கு, இன்னிக்கு பத்தாவது நாள், ஜுரம் நூத்தி ஒண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நீட்டுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, மூன்றின் நகலும் அதே கவரில் எப்போதும் இருக்கட்டும்.

ரிப்போர்ட்டில் கணக்கு பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம், கஷ்டமில்லை. வெள்ளை அணுக்களில் கிருமியோடு முதலில் சண்டை போடுகிற வகைதான் நியூட்ரோபில். மொத்த வெள்ளை அணுவை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்துவிடுங்கள். மொத்தம் 2000, நியூட்ரோபில் 40 சதவீதம் என்றால் 800. 1500-க்குக் கீழே போனாலே குறைவு, 500-க்குக் கீழே ரொம்ப ஆபத்தான நிலை. அணு ஏற ஃபில்கிராஸ்டிம் ஊசி எழுதினால் அது ஃப்ரிட்ஜில் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மொத்தமாக வாங்கி வைக்காமல் போட வேண்டிய அன்றைக்கு வாங்கி, ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள். போட்டபின் இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் குடைகிறமாதிரி வலிக்கும், அது மஜ்ஜை வேலை செய்கிற வலி. அதற்கு என்ன மாத்திரை போடலாம் என்று ஊசி எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பச்சையாக எதையுமே தொடாதே என்ற பழைய கண்டிப்பு இப்போது பல இடங்களில் தளர்ந்திருக்கிறது, சுத்தம்தான் முக்கியம் என்கிறார்கள். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரி தோல் உரிக்கிற பழம் சாப்பிடலாம். லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆற வையுங்கள். மீன் நல்லது, புரதம் வேண்டும். விடியற்காலையில் வாங்கி அன்றைக்கே நன்றாக வேகவைத்தால் சங்கராவோ நெத்திலியோ எதுவும் ஓகே. ஹாஃப் பாயில் வேண்டாம். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், கடைக்கு மனசு இழுக்கும், பச்சை முட்டைக்கோசும் வெங்காயமும் கையால் பிசைந்து போடுவது அதில்தான் அழகே. கீமோ முடியட்டும், போகலாம். ஆடி மாதத்தில் கோயில் அண்டாக் கூழுக்குப் பதில் வீட்டில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ்.

நலம் விசாரிக்க வருகிறவர்களை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஒரு தெருவே வரும், வரவில்லையென்றாலும் வருத்தமாக இருக்கும். பதினைந்தாம் நாளுக்குமேல் வாங்க என்று போனில் தேதியே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். சளி இருக்கிறவர்கள் வாசலோடு. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டுக்கு, அதாவது அம்மை போட்ட வீட்டுக்கு, நோயாளி போகவே கூடாது. தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

முடி, வயிறு, விரல்

முடியைப் பற்றி சுருக்கமாக. எல்லா மருந்துக்கும் கொட்டாது. டாக்சோரூபிசின், பாக்ளிடாக்சல் என்றால் கொட்டும், பெரும்பாலும் முதல் மருந்திலிருந்து இரண்டு மூன்று வாரத்தில். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட முன்னாடியே குட்டையாக வெட்டிவிடுவது மனசுக்கு லேசு. பிளேடு போடாமல் மெஷின் போடச் சொல்லுங்கள். தெருவில் "திருப்பதி போயிட்டு வந்தீங்களா" என்று கேட்பார்கள், அத்தை "ஆமா, லட்டுதான் தீந்துபோச்சு" என்று சொல்லிவிடுவார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் திரும்ப வளரும், முதலில் சுருட்டையாகக்கூட வரலாம்.

மலச்சிக்கல் முதல் வாரத்தில் வரும், வாந்தி மாத்திரையால். தண்ணீர், கீரை, பழம், லேக்டுலோஸ் சிரப். மூன்று நாள் போகவில்லையென்றால் சொல்லுங்கள். அணு குறைந்த நாட்களில் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கூடாது. பேதி என்றால் ஓ.ஆர்.எஸ்., பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு மட்டும், ஏனென்றால் 200 மில்லி பாக்கெட்டும் இருக்கிறது, ஒரு லிட்டர் பாக்கெட்டும் இருக்கிறது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் போனாலோ, ஏழு முதல் பதினாலு நாளுக்குள் பேதியும் ஜுரமும் சேர்ந்து வந்தாலோ கடையில் மாத்திரை வாங்கி அடைக்கப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

பாக்ளிடாக்சல், வின்கிரிஸ்டின், பிளாட்டின் வகைகளில் விரல் நுனி மரத்துப்போகும். இது மெதுவாகச் சேர்ந்துகொண்டே வருவது. ஜாக்கெட் ஊக்கு போட முடியவில்லை, செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியவில்லை, சூடான பாத்திரத்தைத் தூக்கியபின்தான் கை வெந்தது தெரிகிறது என்கிற நிலைக்கு வரும் முன்பே சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ நரம்பைக் காப்பாற்ற முடியும். அத்தை சொல்லாமல் மறைத்தார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். அடுப்பு வேலையை வாங்கிவிடுங்கள், ராத்திரி பாதத்தைத் தடவிக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

களைப்பு கடைசிவரை இருக்கும். தூங்கினாலும் போகாத களைப்பு அது, சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். விசித்திரமாக, தினமும் கொஞ்சம் நடப்பதுதான் இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. மொட்டை மாடியில் வெயில் ஏறும் முன் பத்து நிமிஷம், முடிந்தால் இருபது. மணலிப் பக்கம் புகை வாசனை அடிக்கும் நாளிலோ கொடுங்கையூர்க் குப்பை எரிகிற நாளிலோ வீட்டுக்குள்ளேயே நடங்கள். மூச்சு வாங்கினாலோ படி ஏறினாலே நெஞ்சு படபடத்தாலோ ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

முள்சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய பொடி, எல்லாம் வீடு தேடி வரும். கொடுப்பவர்கள் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். பச்சைச் சாறில் கிருமி இருக்கலாம், சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்தோடு மோதும். இளவயசுக்காரர்களுக்கு இன்னொன்று: மாதவிலக்கு நின்றிருந்தாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு, கீமோ நடக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. பின்னால் குழந்தை வேண்டுமென்றால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும், டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அடுத்த தடவைக்கு முன்

நோட்டில் தினமும் ஒரு வரி போதும்: நாள், ஜுரம், எத்தனை வாந்தி, எத்தனை தடவை வெளிக்குப் போனார், என்ன சாப்பிட்டார், எடை. டாக்டருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்க சார்" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "மூணாம் நாள் ஆறு தடவ வாந்தி, நாலாம் நாள் தண்ணி கூட நிக்கல, ரெண்டு கிலோ குறைஞ்சிருக்காங்க" என்று சொன்னால் அப்போதே மருந்துச் சீட்டை மாற்றி எழுதுவார். அணு ஏறாததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மனசு உடைந்துபோகாதீர்கள், அது அடிக்கடி நடப்பதுதான். ரத்தப் பரிசோதனையை மருந்து ஏறுவதற்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள். டோக்கன் போட்டு உட்கார்ந்தபின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால், மருந்து ஏற ஆரம்பிக்கவே மத்தியானம் ஆகிவிடும்.